ரோவர் பி5: உற்பத்தி நின்ன பிறகும் பிரதமரைச் சுமந்த வண்டி

1979 மே 4-ஆம் தேதி மார்கரெட் தாட்சர் முதல் முறையா பிரதமரா டவுனிங் தெருவுக்கு வந்து இறங்கினாரே, அந்தப் படம் ஞாபகம் இருக்கா? எல்லாரும் அந்தம்மாவையும் அவங்க நீல உடுப்பையும் பார்ப்பாங்க. நான் காரைப் பார்த்தேன். கன்னங்கரேல்னு, தாட்டியா, பழைய பண்ணையார் மாதிரி ஒரு வண்டி. 1979-ல இங்கிலாந்துல புது ஜாகுவார் ஓடுது, ரோல்ஸ் ராய்ஸ் ஓடுது. ஆனா நாட்டோட புதுப் பிரதமர் வந்து இறங்கினது, உற்பத்தியை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிப்போன ஒரு காரில். ரோவர் பி5பி.

ஒரு அரசாங்கம் ஏன் இப்படிப் பண்ணுது? காசு இல்லாமலா? இல்லை. அதுக்கு மாத்தா வேற எதுவும் அவங்களுக்குப் பிடிக்கலை, அதான் விஷயம். கடைசியா வந்த வண்டிகளை மொத்தமா வாங்கி, கொட்டகையில போட்டு, ஒண்ணு ஒண்ணா எடுத்து ஓட்டியிருக்காங்க. நம்ம வீட்டுல தீபாவளிக்கு முந்தி எண்ணெய் விலை ஏறப்போகுதுன்னு டின் டின்னா வாங்கி வைப்பாங்களே, அந்த மாதிரி :-)

லேப்ல ஆணி கொஞ்சம் குறைவா இருந்த ஒரு வாரத்துல இந்த வண்டியோட கதையைத் தோண்ட ஆரம்பிச்சேன். நான் படிக்கிற ஊர்ல இருந்து சொலிஹல் பஸ் தூரம்தான். தோண்டத் தோண்ட வெறும் கார் கதையா இல்லாம ஒரு நாட்டோட தொழில் கதையா விரிஞ்சுது. கடைசியில வண்டலூர்ல போய் நின்னுச்சு. வண்டலூர்னா நம்ம வண்டலூர்தான். அங்கே எப்படிப் போச்சுன்னு கடைசியில சொல்றேன், பொறுமையா வாங்க.

கொசுவர்த்திச் சுருளைச் சுத்திக்குங்க. ரோவர் முதல்ல சைக்கிள் கம்பெனி. 1885-ல கோவென்ட்ரில ஜான் கெம்ப் ஸ்டார்லி ஒரு சைக்கிள் கொண்டுவந்தார். அதுவரைக்கும் முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் சாண் உயரம்னு ஓட்டிக்கிட்டு விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டிருந்தாங்க. ஸ்டார்லி ரெண்டு சக்கரத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவாக்கி, சங்கிலியைப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். இன்னிக்கு நாம ஓட்டுற சைக்கிளோட வடிவம் அதுதான். அதுக்குப் பேர் ரோவர். போலந்து மொழியில இன்னிக்கும் சைக்கிளுக்கு 'ரோவர்'னுதான் பேர். என்கூடப் படிக்கிற போலந்துப் பையன்கிட்ட இதைச் சொன்னா, "உங்க ஊர்ல அது காரா?"ன்னு கேட்டுட்டு அரை மணி நேரம் சிரிச்சான்.

1904-ல கார். அப்புறம் ஏத்தம், இறக்கம். 1930-களில் ஸ்பென்சர் வில்க்ஸ், மாரிஸ் வில்க்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினாங்க. அவங்க கணக்கு எளிமையானது. நிறைய விக்க வேண்டாம், நல்லா செஞ்சு விப்போம். டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர், இவங்கதான் வாடிக்கை. ரோல்ஸ் ராய்ஸ் வாங்க முடியாது, வாங்க முடிஞ்சாலும் ஊர் என்ன பேசும்னு யோசிக்கிற ஜாதி.

போர் வந்தது. கோவென்ட்ரி தொழிற்சாலை குண்டுல அடிபட்டது. பறக்கும் என்ஜின் பாகம் செய்யறதுக்காக அரசாங்கம் சொலிஹல்ல கட்டிக்கொடுத்த தொழிற்சாலைக்குப் போர் முடிஞ்சதும் ரோவர் மொத்தமா குடிபெயர்ந்தது. அப்போ இரும்புக்கு ரேஷன். கார் செய்ய எஃகு கிடைக்காது. அலுமினியம் கிடைக்கும். மாரிஸ் வில்க்ஸ் அலுமினியத் தகட்டை மடிச்சு, விவசாயிகளுக்குன்னு ஒரு வண்டி பண்ணினார். தற்காலிக ஏற்பாடாத்தான் ஆரம்பிச்சாங்க. 1948-ல வந்த அந்தத் தற்காலிக ஏற்பாட்டுக்குப் பேர் லேண்ட் ரோவர். இன்னிக்கு ரோவர் கார் இல்லை, லேண்ட் ரோவர் இருக்கு. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆன கதை.

இனி நம்ம நாயகன்.

1958-ல பி5 வெளிவந்தது. 3 லிட்டர்னு பேர், கணக்குப்படி 2995 சிசி, ஆறு சிலிண்டர். தனியா சட்டம் போட்டு அதுமேல உடம்பை வைக்கிற பழைய முறையை விட்டுட்டு, உடம்பே சட்டமா நிக்கிற முறையில ரோவர் செஞ்ச முதல் கார் இது. முன்பக்கம் மட்டும் என்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்க ஒரு துணைச் சட்டம், நடுவுல ரப்பர். அதனாலதான் உள்ளே உட்கார்ந்தா என்ஜின் ஓடுதா நின்னுபோச்சான்னு சந்தேகம் வரும்னு அந்தக்கால ஆளுங்க சொல்றாங்க.

வடிவம் கொடுத்தவர் டேவிட் பேஷ். இளைஞர். அவர் முதல்ல வரைஞ்ச படம் ரொம்ப ஜோரா இருந்ததாம். மாரிஸ் வில்க்ஸ் அதைப் பார்த்துட்டு, தெருவுல போறவன் தலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி கார் நமக்கு வேண்டாம்ப்பா, யார் கண்ணுக்கும் படாமப் போறதுதான் ரோவருக்கு அழகுன்னு திருப்பி அனுப்பினார்னு ஒரு கதை உண்டு. இந்த ஒரு சம்பவத்துல மொத்தக் கம்பெனியும் அடக்கம். இன்னிக்கு எந்தக் கார் கம்பெனியாவது விளம்பரத்துல இப்படிச் சொல்லுமா? "எங்கள் காரை யாரும் கவனிக்க மாட்டார்கள்"!

பேஷ் அந்தக் கட்டளைக்குள்ள நின்னே வேலையைக் காட்டினார். வெளியே அடக்கம், உள்ளே ராஜ மரியாதை. நல்ல மரப்பலகை, தோல் இருக்கை, தடிமனான கம்பளம். எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி வேற. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு இழுப்பறை. இழுத்தா ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அதது உருவத்துக்கு வெட்டின மெத்தையில படுத்திருக்கும். நகைப்பெட்டி மாதிரி. கோட்டு சூட்டு போட்ட கனவான் நடுரோட்டுல வண்டி நின்னா, டிக்கியைக் குடையாம, சட்டையில கறை படாம கருவியை எடுக்கணும்னு யோசிச்சிருக்காங்க. (வண்டி நிக்கும்னும் யோசிச்சிருக்காங்க, அதையும் கவனிங்க.)

குறை இல்லாமலா? வண்டி ஒன்றரை டன்னுக்கு மேல. அந்த ஆறு சிலிண்டர் என்ஜின் வார்ப்பு இரும்பு, பழைய பாணி. உள்ளே இழுக்கிற வால்வு மேலே, வெளியே விடுற வால்வு பக்கவாட்டுல. மெத்துன்னு ஓடும், ஆனா ஓட்டம்னு சொல்ல முடியாது. ஆரம்பத்துல 115 குதிரைத்திறன். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், முன்பக்கம் டிஸ்க் கொஞ்சம் தாமதமாத்தான் வந்தது. 1962-ல 'கூப்பே'ன்னு ஒண்ணு விட்டாங்க. கூப்பேன்னா ரெண்டு கதவுன்னுதான் உலக வழக்கம். இவங்க நாலு கதவை அப்படியே வெச்சுக்கிட்டு கூரையை மட்டும் தாழ்த்திட்டாங்க. நாப்பது வருஷம் கழிச்சு மெர்சிடிஸ் இதையே பண்ணினப்போ உலகமே புதுசுன்னு கைதட்டிச்சு. 1965-ல மூணாம் பதிப்பு வந்தப்போ திறன் 134 ஆச்சு. அதுக்கு மேல அந்த என்ஜின்ல கறக்க ஒண்ணும் இல்லை. வண்டி நல்ல வண்டி, இதயம்தான் போதலை.

இங்கேதான் சினிமா மாதிரி ஒரு திருப்பம்.

வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், ரோவரோட நிர்வாக இயக்குநர். 1964 வாக்குல வியாபாரப் பேச்சுக்காக அமெரிக்காவுல விஸ்கான்சின் போறார். போன இடம் கார் கம்பெனி கூட இல்லை, மெர்குரி மரைன், படகு என்ஜின் செய்யற இடம். அங்கே பட்டறைத் தரையில ஒரு என்ஜின் கிடக்குது. ப்யூக் காரிலிருந்து கழட்டினது. வி8, மூன்றரை லிட்டர், முழுக்க அலுமினியம். எடை சுமார் 144 கிலோ. எட்டு சிலிண்டர் என்ஜினுக்கு இது ஒண்ணுமே இல்லை. மனுஷன் டேப்பை எடுத்து அளந்து பார்த்தார். ரோவருக்குள்ள உட்காரும்!

விசாரிச்சா இன்னும் ஆச்சரியம். ஜெனரல் மோட்டார்ஸ் அந்த என்ஜினையே கைவிட்டுட்டாங்க. 1961-ல இருந்து 1963 வரை மூணே வருஷம், லட்சக்கணக்குல செஞ்சுட்டு நிறுத்திட்டாங்க. அலுமினிய வார்ப்பு அவங்க வேகத்துக்கு ஒத்துவரலை, நிறைய கழிவு. தப்பான கூலன்ட் ஊத்தினா உள்ளே அரிச்சு அடைச்சுக்கும். அதுக்குள்ள மெல்லிசா இரும்பு வார்க்கிற நுட்பமும் வந்துடுச்சு, பாதி செலவுல வேலை முடியுது, நமக்கெதுக்கு இந்த வம்புன்னு தூக்கிப் போட்டாங்க. மார்ட்டின்-ஹர்ஸ்ட் அந்த உரிமையைக் கேட்டப்போ இந்த ஆள் நிஜமாத்தான் கேக்குறாரான்னு ஜி.எம். ஆளுங்களுக்கே புரிய நாளாச்சாம். 1965 தொடக்கத்துல ஒப்பந்தம் முடிஞ்சது. அதோட ப்யூக்ல அந்த என்ஜினை உருவாக்கின ஜோ டர்லி ஓய்வு பெறப்போற வயசுல இருந்தார். அவரும் சொலிஹல் வந்து கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். காகிதத்தை மட்டும் வாங்கினா போதாது, கை தெரிஞ்ச ஆளும் வேணும்னு தெரிஞ்சு வெச்சிருந்திருக்காங்க. தொழில்நுட்ப இறக்குமதின்னு நம்ம ஊர்ல பேசுறவங்க இந்த வரியை மட்டும் ரெண்டு தடவை படிக்கலாம்.

ரோவர் அதை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிக்கலை. ப்யூக்காரங்க இரும்பு லைனரை உள்ளே வெச்சே அலுமினியத்தை ஊத்துவாங்க. ரோவர் முதல்ல மணல் அச்சுல பிளாக்கை வார்த்து, அப்புறம் லைனரை அழுத்திப் பொருத்துற வழிக்கு மாத்தினாங்க. அமெரிக்கக் கார்பரேட்டருக்குப் பதிலா எஸ்.யு. கார்பரேட்டர். டெட்ராய்ட்டோட வேகத்துக்குக் கஷ்டமா இருந்த வார்ப்பு, சொலிஹல்லோட நிதானத்துக்குச் சரியாப் போச்சு.

இடையில ஒரு குட்டித் தகவல். இதே குடும்பத்துல ஓல்ட்ஸ்மொபைல் செஞ்ச பிளாக்கை வெச்சு ஆஸ்திரேலியாவுல ரெப்கோ கம்பெனி ஒரு பந்தய என்ஜின் பண்ணிச்சு. அதைப் போட்டுத்தான் ஜாக் பிரபாம் 1966-ல ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் ஜெயிச்சார். ஜி.எம். குப்பைத் தொட்டியில என்ன இருந்ததுன்னு பாருங்க மக்களே.

1967-ல புது இதயத்தோட பி5பி வெளிவந்தது. கடைசி 'பி' ப்யூக்கைக் குறிக்குது. 3528 சிசி, 160 குதிரைத்திறன், முன்பக்கம் பாரம் குறைஞ்சதால திருப்புறதும் சுலபம். கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். மணிக்கு 175 கிலோமீட்டர் வரைக்கும் போகும். அதே பண்ணையார், ஆனா வேட்டியை மடிச்சுக் கட்டினா ஓடுவார். 'ஏழைகளின் ரோல்ஸ் ராய்ஸ்'னு பட்டப்பேர் வந்தது. எந்த ஊர் ஏழையோ தெரியலை :-)

ஹரால்டு வில்சன், எட்வர்ட் ஹீத், ஜேம்ஸ் கேலகன், தாட்சர்னு கட்சி பேதமில்லாம நாலு பிரதமர் இதுல போனாங்க. வில்சனோட பைப்புக்குன்னே தனி ஆஷ்ட்ரே வெச்சாங்கன்னு சொல்வாங்க. எலிசபெத் ராணியும் ஒண்ணு வெச்சிருந்து, டிரைவர் இல்லாம தானே ஓட்டினாங்க. அது இப்போ கேய்டன் அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கு. ராணி வண்டின்னு பொன்னும் கின்னும் எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. வில்க்ஸ் கேட்டது அதைத்தானே.

இவ்வளவு நல்லாப் போன வண்டிக்கு வாரிசு ஏன் வரலை? எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது இந்தக் கேள்வியிலதான்.

1967-ல லேலண்ட், ரோவரை வாங்கியது. 1968-ல வில்சன் அரசாங்கம் முன்னால நின்னு தள்ளிவிட, லேலண்டும் பிரிட்டிஷ் மோட்டார் ஹோல்டிங்ஸும் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆச்சு. ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி., டிரையம்ஃப், ரோவர், ஜாகுவார் எல்லாம் ஒரே குடைக்குக் கீழே. பெருசா இருந்தாத்தான் அமெரிக்காக்காரனோடயும் ஐரோப்பாக்காரனோடயும் போட்டி போட முடியும்கிறது கணக்கு. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நேத்து வரைக்கும் ஒருத்தனை ஒருத்தன் முந்தணும்னு ஓடினவங்களை ஒரே வீட்டுல அடைச்சா என்ன ஆகும்? சம்பந்தி சண்டைதான்.

பி5-க்கு அடுத்ததா பி8-னு ஒரு பெரிய காரை ரோவர் வருஷக்கணக்கா உருவாக்கிட்டிருந்தாங்க. அச்சு, டை எல்லாம் ஆர்டர் கொடுக்கிற நிலைக்கு வந்துடுச்சு. 1971-ல தலைமையகத்துல இருந்து ஒரே வெட்டு. ஜாகுவார் எக்ஸ்ஜே6 அப்போ நல்லா ஓடிக்கிட்டிருக்கு, ஒரே கம்பெனிக்குள்ள ரெண்டு பெரிய கார் எதுக்குன்னு கேள்வி வந்ததுதான் முக்கியமான காரணமாச் சொல்லப்படுது. ஜாகுவாரை உருவாக்கின வில்லியம் லயன்ஸ் அந்த இயக்குநர் குழுவிலேயே இருந்தார்ங்கிறதையும் சேர்த்துப் படிச்சுக்குங்க. ரோவர் யோசிச்சு வெச்சிருந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கதி.

ஜாகுவார் ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க, வரட்டும். எக்ஸ்ஜே6 அழகுதான், மறுக்கலை. ஆனா ஜாகுவார் வாங்குறவனும் ரோவர் வாங்குறவனும் வேற வேற ஆளு. முதல் ஆள் தெரு திரும்பிப் பார்க்கணும்னு நினைப்பான். ரெண்டாவது ஆள் பார்க்கக் கூடாதுன்னு நினைப்பான். அந்த ரெண்டாவது ஆளுக்கு வண்டி இல்லாமப் போச்சு. அவன் எங்கே போனான்? என் கணிப்பு, மெல்ல மெல்ல ஜெர்மன்காரன் கடைக்குப் போனான். மெர்சிடிஸ் அப்போ பிரிட்டன்ல கால் ஊன்றிக்கிட்டிருந்த நேரம்.

வில்சனோட விஷயம்தான் வேடிக்கை. தன்னோட பைப்புக்கு இடம் வெச்ச வண்டியில பின்சீட்டுல உட்கார்ந்து போனவர், அந்த வண்டிக்குப் பிள்ளை பிறக்காம பண்ணின கல்யாணத்தை முடிச்சு வெச்சவரும் அவர்தான். 1975-ல பிரிட்டிஷ் லேலண்ட் படுத்தப்போ அதை அரசுடைமை ஆக்கினதும் அவர் அரசாங்கம்தான். அப்பவும் போய் ஏறினது ரோவர் பி5பி.

1973-ல கடைசி பி5பி வெளியே வந்தது. வி8 போட்டது மட்டும் 20,600. பி5 வகை மொத்தமும் சேர்த்து சுமார் 69,000. பதினஞ்சு வருஷத்துக்கு இது பெரிய எண்ணிக்கை கிடையாது. கடைசி வண்டிகள் அரசாங்கக் கொட்டகைக்குப் போன கதையைத்தான் ஆரம்பத்துலயே சொன்னேன்.

வண்டி போச்சு, என்ஜின் போகலை. அதே வி8 ரோவர் பி6-ல ஏறுச்சு, மோர்கன்ல ஏறுச்சு, எம்.ஜி.பி.யில ஏறுச்சு. 1970-ல வந்த முதல் ரேஞ்ச் ரோவர் நின்னதே அதும்மேலதான். இன்னிக்கு சினிமா நடிகர் முதல் அரசியல்வாதி வரைக்கும் ரேஞ்ச் ரோவர்ல வந்து இறங்குறாங்களே, அந்தப் பரம்பரையோட பாட்டன் விஸ்கான்சின் படகுப் பட்டறைத் தரையில கிடந்தவன். அளவு பெருசாகிப் பெருசாகி 2004 வரைக்கும் லேண்ட் ரோவர் டிஸ்கவரியில அந்த வம்சம் ஓடுச்சு. அமெரிக்காவுல மூணு வருஷம், இங்கிலாந்துல முப்பத்தேழு வருஷம்!

சரி, வண்டலூர்.

பி8 செத்த பிறகு ரோவர் பேர்ல 1976-ல வந்த பெரிய கார் எஸ்டி1. வரைஞ்சவர் அதே டேவிட் பேஷ். இந்த முறை தலையைத் திருப்பி வைக்கிற காராவே வரைஞ்சுட்டார், தடுக்க வில்க்ஸ் இல்லை. 1977-க்கான ஐரோப்பியக் கார் விருதும் வாங்கிச்சு. ஆனா பெயின்ட் உரியும், தண்ணி ஒழுகும், தொழிற்சாலையில வேலைநிறுத்தம். பேர் கெட்டுப்போய் 1986-ல முடிஞ்சது.

அந்த அச்சுகள் எங்கே போச்சு? சென்னைக்கு. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் இருந்ததே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு செஞ்சாங்களே, அவங்க 1985-ல அதே உடம்பை 'ஸ்டாண்டர்டு 2000'னு பேர் வெச்சு விட்டாங்க. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் நடுவுல அது விண்கலம் மாதிரி இருந்திருக்கும். ஆனா வி8 வரலை. ரோவர் உடம்புக்குள்ள 1991 சிசி, பழைய ஸ்டாண்டர்டு வான்கார்ட் வழி வந்த நாலு சிலிண்டர் என்ஜின், 83 குதிரைத்திறன். விலையோ எட்டாத உயரம். 1988-ல கடை மூடியாச்சு. பி5 ஆரம்பத்துல பட்ட அதே பாடு. நல்ல உடம்பு, போதாத இதயம். சொலிஹல்காரங்களுக்கு ஒரு மார்ட்டின்-ஹர்ஸ்ட் டேப்போட போனார். வண்டலூருக்கு யாரும் போகலை. போக நினைச்சிருந்தாலும் அன்னிக்கு லைசென்ஸ், பெர்மிட், இறக்குமதி வரின்னு எத்தனை கதவைத் தட்டியிருக்கணுமோ.

இங்கேயும் ரோவர் பிழைக்கலை. 2005-ல எம்.ஜி. ரோவர் லாங்பிரிட்ஜ்ல திவாலாச்சு, சுமார் 6,000 பேருக்கு வேலை போச்சு. ரோவர்ங்கிற பேர் மட்டும் பிஎம்டபிள்யூகிட்ட இருந்தது. 2006-ல அதை ஃபோர்டு வாங்கியது. 2008-ல ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் டாட்டாவுக்கு 230 கோடி டாலருக்குக் கைமாறினப்போ அந்தப் பேரும் கூடவே போச்சு. ஒரே வீட்டுல அடைச்சதால அடிச்சுக்கிட்ட ஜாகுவாரும் ரோவரும் மறுபடியும் ஒரே வீட்டுல. இந்தத் தடவை வீட்டுக்காரர் பம்பாய்க்காரர்.

வண்டலூர்ல மிஞ்சிப்போன ஸ்டாண்டர்டு 2000 உதிரி பாகங்களை, கதவும் பானெட்டுமா, ஒரு பிரிட்டிஷ் உதிரி பாகக் கடை மொத்தமா வாங்கி இங்கே இறக்கியது. எஸ்டி1-ஐப் பழுது பார்த்து வெச்சிருக்கிற வெள்ளைக்காரர்கள் பல வருஷம் அதைத்தான் தேடித்தேடி வாங்கினாங்க. துருப்பிடிச்ச சொலிஹல் தகட்டைக் கழட்டிட்டு சென்னைத் தகட்டை மாட்டிக்கிட்டு ஓடுற ரோவர் இந்த ஊர் சாலைகள்ல இன்னிக்கும் ஒண்ணு ரெண்டு இருக்கும்.